கிளர்ச்சிக் குழு கொடுமை செய்தால் உலகம் என்ன செய்யும்? ஜோசப் கோனி வழக்கை வைத்து ஒரு விளக்கம்

ஒரு அரசாங்கம் தன் மக்களையே கொன்று குவித்தால், தட்டிக் கேட்க உலகத்துக்கு ஒரு முகவரியாவது உண்டு. தலைநகரில் தூதரகம் இருக்கும். ஐ.நா.வில் இருக்கை இருக்கும். வெளிநாட்டு வங்கியில் பணம், துறைமுகத்தில் சரக்கு, அடுத்த ஆண்டு வாங்க வேண்டிய கடன் என்று கை வைக்க நாலு இடம் இருக்கும். அதே கொடுமையைக் காட்டுக்குள் திரியும் ஓர் ஆயுதக் குழு செய்தால்? அதற்குத் தூதரகம் இல்லை, கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை, கடன் கேட்டு யார் வாசலிலும் வந்து நிற்கப் போவதும் இல்லை.

இப்படிப்பட்ட குழுக்களை உலக நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பொதுவாகச் சொன்னால், அது அமைப்புகளின் பெயர்ப் பட்டியலாகத்தான் முடியும். அதனால் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். உகாண்டாவில் ஜோசப் கோனி தொடங்கிய லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி, சுருக்கமாக எல்.ஆர்.ஏ. நீதிமன்றம், ராணுவம், பேச்சுவார்த்தை, பொதுமன்னிப்பு, பொருளாதாரத் தடை என்று உலகத்தின் கையில் இருந்த கருவிகளில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் குழுவின் மேல் ஏவப்பட்டன. எது பலித்தது, எது எதன் காலை வாரியது என்பதை 20 ஆண்டுக்கும் மேலான அனுபவத்தில் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1986 ஜனவரியில், அன்று கிளர்ச்சித் தலைவராக இருந்த யோவேரி முசெவேனியின் படை தலைநகர் கம்பாலாவைப் பிடித்தது; அவர் அதிபரானார். தோற்ற ராணுவத்தில் வடக்கே வாழும் அச்சோலி இனத்தவர் அதிகம். பழிவாங்கலுக்குப் பயந்து வடக்கில் பல குழுக்கள் ஆயுதம் எடுத்தன. அதில் ஒன்றுதான் 1987 வாக்கில் உருவான கோனியின் படை. அச்சோலிகளுக்காகப் போராடுவதாகச் சொன்ன அந்தப் படை, மக்கள் ஆதரவு குறைந்ததும் அந்த மக்கள் மேலேயே திரும்பியது. ஊருக்குள் புகுந்து பிள்ளைகளைக் கடத்துவது, பையன்களைச் சிப்பாய் ஆக்குவது, பெண் பிள்ளைகளைத் தளபதிகளுக்கு 'மனைவி' என்று பங்கு பிரிப்பது என்பதுதான் அது நடந்த விதம். 1994 முதல் சூடான் அரசு அதற்கு ஆயுதமும் தங்க இடமும் கொடுத்தது. தெற்கு சூடான் கிளர்ச்சியாளர்களுக்கு உகாண்டா உதவியதற்கு அது பதிலடி.

2005 வாக்கில் வட உகாண்டாவில் சுமார் 18 லட்சம் பேர் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ராணுவமே அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பி அங்கே கொண்டுவந்து வைத்திருந்தது. முகாமுக்கும் எல்.ஆர்.ஏ. வந்ததால், பொழுது சாயும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாயும் போர்வையுமாக குலு நகரத்துக்கு நடந்து போய், கடைத் திண்ணையிலும் தேவாலயத்திலும் தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்புவார்கள். மத்திய ஆப்பிரிக்காவில் 25 ஆண்டுகளில் எல்.ஆர்.ஏ. 1,00,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகவும் 60,000 முதல் 1,00,000 வரை பிள்ளைகளைக் கடத்தியதாகவும் ஐ.நா. 2013இல் மதிப்பிட்டது.

அரசு அல்லாத ஒரு குழு 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்தை'ச் செய்ய முடியுமா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றால் ஹிட்லர் மாதிரி ஓர் அரசு செய்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1998இல் ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம், அதாவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தம், அப்படிச் சொல்லவில்லை. அதன் 7ஆவது பிரிவு 11 வகைச் செயல்களைச் சொல்கிறது: கொலை, அடிமைப்படுத்துதல், சித்திரவதை, பாலியல் வன்முறை, ஆட்களைக் காணாமலாக்குதல் முதலியவை. ஆனால் ஒரு கொலை நடந்தாலே அது இந்தக் குற்றமாகிவிடாது. பொதுமக்கள் மேல் நடக்கும் ஒரு தாக்குதலின் பகுதியாக அது இருக்க வேண்டும். அந்தத் தாக்குதல் பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ நடந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்தே குற்றவாளி அதில் பங்கெடுத்திருக்க வேண்டும். கடைசியாக, அதன் பின்னால் ஓர் அரசின் அல்லது ஓர் அமைப்பின் கொள்கை இருக்க வேண்டும்.

அந்த 'அமைப்பின்' என்ற இடத்தில்தான் கிளர்ச்சிக் குழு உள்ளே வருகிறது. எந்த அளவு பெரிய அமைப்பு என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. 2010இல் கென்யா தேர்தல் கலவர வழக்கில், அரசைப் போன்ற கட்டமைப்பு இருந்தால்தான் சேரும் என்றார் நீதிபதி ஹான்ஸ் பீட்டர் கவுல். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. பொதுமக்கள் மேல் இப்படியொரு தாக்குதலை நடத்தும் திறன் அந்தக் குழுவுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி என்றார்கள். எல்.ஆர்.ஏ.வுக்கு இதில் சிக்கல் வரவில்லை. அதற்குப் படைப்பிரிவுகள், பதவிகள், ஒருவருக்கொருவர் தகவல் சொல்லும் ஒழுங்கு எல்லாம் இருந்தன.

போர்க்குற்றம் வேறு. அதற்கு ஆயுத மோதல் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கைதியைக் கொன்றாலும் போர்க்குற்றம்தான். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போர் தேவையில்லை, ஆனால் அளவோ திட்டமோ தேவை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வகையிலும் குற்றம் சாட்டலாம், பெரும்பாலும் அப்படித்தான் சாட்டுகிறார்கள். கோனி மேல் 2005இல் சாட்டப்பட்ட 33 குற்றங்களில் 12 மனிதகுலத்துக்கு எதிரானவை, 21 போர்க்குற்றங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு விஷயம்: நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒரு குழுவை விசாரிக்காது. மனிதர்களைத்தான் விசாரிக்கும், அதுவும் குற்றம் நடந்தபோது 18 வயது நிறைந்தவர்களை மட்டும்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் வழி

மூன்று வழிகள். உறுப்பு நாடு ஒன்று தானாக எழுதி ஒப்படைக்கலாம். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒப்படைக்கலாம். அல்லது நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் நீதிபதிகளின் அனுமதி வாங்கித் தானே விசாரணை தொடங்கலாம். முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும், குற்றம் உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும் அல்லது குற்றவாளி உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பினர் அல்லாத நாடு விரும்பினால் தனி அறிவிப்பு கொடுத்து அதிகாரத்தை ஏற்கலாம்.

இலங்கையைப் பற்றித் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை, பாதுகாப்பு கவுன்சிலும் ஒப்படைக்கவில்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இலும், மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2015இலும் வெளியிட்ட அறிக்கைகள் அரசுப் படை, விடுதலைப் புலிகள் என இரு தரப்பு மேலும் கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தன. அவற்றால் ஹேக் நீதிமன்றத்தின் கதவு திறக்காது. அதனால்தான் ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சில் 2021இல் 46/1 தீர்மானத்தின் வழியாக, சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. என்றாவது ஏதாவது ஒரு நாட்டின் நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக.

உகாண்டா முதல் வழியில் வந்தது. 2003 டிசம்பரில் முசெவேனி அரசே எல்.ஆர்.ஏ. விவகாரத்தை ஒப்படைத்தது. புதிய நீதிமன்றத்துக்கு வந்த முதல் ஒப்படைப்பு அது. கிளர்ச்சிக் குழு வழக்குகளில் இதுதான் சுலபமான பாதை, ஏனென்றால் அரசு விசா கொடுக்கும், சாட்சிகளைக் காட்டும், வண்டியும் பாதுகாப்பும் தரும். ஆபத்தும் அதில்தான். கூப்பிட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கஷ்டம். அறிவிப்பு வெளியான 2004 ஜனவரியில் அன்றைய வழக்குத்தொடுநர் லூயிஸ் மொரேனோ ஒகாம்போ லண்டனில் முசெவேனியின் பக்கத்தில் நின்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். வட உகாண்டாவில் நடந்த எல்லாக் குற்றமும் விசாரணைக்குள் வரும் என்று சட்டப்படி சொல்லப்பட்டாலும், உகாண்டா ராணுவத்தினர் ஒருவர் மேல்கூட இதுவரை அங்கே பிடியாணை பிறக்கவில்லை. அச்சோலி மக்களில் பலர் அந்த நீதிமன்றத்தைப் பாதி நம்பி, பாதி நம்பாமல் பார்த்ததற்கு அந்த லண்டன் மேடை ஒரு முக்கியக் காரணம். அந்தப் பேட்டியை நடத்தியிருக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

காட்டுக்குள் கொடுத்த உத்தரவை நிரூபிப்பது எப்படி?

கிளர்ச்சிக் குழுவில் அலுவலகக் கோப்பு இருக்காது, கையெழுத்திட்ட ஆணை இருக்காது. கொலை நடந்தது என்பதை நிரூபிப்பது கஷ்டமில்லை. பிணங்களும் பிழைத்தவர்களும் சாட்சி. நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த தளபதிதான் அதைச் செய்யச் சொன்னான் என்பதை நிரூபிப்பதுதான் வழக்கின் உயிர்.

எல்.ஆர்.ஏ.வில் இதற்குக் கைகொடுத்தது வானொலிக் கருவி. சிதறிக் கிடந்த அதன் பிரிவுகள் குறித்த நேரங்களில் வாக்கி டாக்கி மாதிரியான நெடுந்தூர ரேடியோவில் பேசிக்கொண்டன. தாக்குதல் முடிந்ததும் தளபதிகள் எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை பேரைப் பிடித்தோம் என்று கோனிக்குச் சொல்வார்கள். பெயர்களும் இடங்களும் சங்கேத மொழியில் இருக்கும். உகாண்டா ராணுவமும் காவல்துறையும் உளவுத்துறையும் தனித்தனியே உட்கார்ந்து இதை ஒட்டுக்கேட்டன. ஒட்டுக்கேட்டவர்கள் கிறுக்கலாகக் குறிப்பெடுத்து, பிறகு நோட்டுப் புத்தகத்தில் தெளிவாக எழுதினார்கள். சிலவற்றை ஒலிநாடாவில் பதிந்தார்கள். அன்றைக்கு அது போர் உளவு. பத்தாண்டுக்கும் மேல் கழித்து அந்த நோட்டுகள் ஹேக்கில் சான்றாவணம் ஆயின. மூன்று துறைகள் தனித்தனியே எழுதியவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனது வழக்குக்குப் பெரிய பலம். ஒரே துறையின் நோட்டு மட்டும் இருந்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'அரசே இட்டுக்கட்டியது' என்று கிழித்துப் போட்டிருப்பார். ஒலிநாடாவில் உள்ள குரல் யாருடையது என்பதை, அந்தக் குழுவிலிருந்து தப்பி வந்தவர்கள் கேட்டு அடையாளம் சொன்னார்கள்.

கட்டாய 'மனைவி'களாக வைக்கப்பட்ட பெண்களின் சாட்சியம் இன்னொரு தூண். விசாரணை தொடங்கும் வரை காத்திருந்தால் மிரட்டலிலோ மனமாற்றத்திலோ சாட்சியம் போய்விடலாம் என்பதால், 2015இலேயே ஏழு பெண்களின் வாக்குமூலம் நீதிபதி முன்னால் முன்கூட்டியே பதியப்பட்டது. பிள்ளைகளின் டி.என்.ஏ. பரிசோதனை அவர்கள் சொன்னதை உறுதிப்படுத்தியது.

பிடியாணை போட்டாயிற்று, பிடிப்பது யார்?

2005 ஜூலையில் ஐந்து பேருக்குப் பிடியாணை பிறந்தது. அக்டோபரில் அது வெளியிடப்பட்டது. கோனி, வின்சென்ட் ஓட்டி, ரஸ்கா லுக்வியா, ஒகோட் ஓடியம்போ, டொமினிக் ஓங்வென். நீதிமன்றத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரர்கூட கிடையாது. உறுப்பு நாடுகள் பிடித்துக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அரசுத் தலைவருக்கு எதிரான பிடியாணை என்றால் அவர் விமானம் ஏறும்போதாவது பிடிபடலாம் என்ற பயம் இருக்கும். கோனிக்கு விமான நிலையமே தேவைப்படவில்லை. எல்.ஆர்.ஏ. அப்போதே எல்லை தாண்டி காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவுக்குள் போயிருந்தது.

அங்கே போய்ப் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்பது 2006 ஜனவரியில் தெரிந்தது. ஐ.நா. அமைதிப்படையின் குவாத்தமாலா சிறப்புப் படையினர் கரம்பாவில் எல்.ஆர்.ஏ.வோடு மோதியதில் அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஐ.நா. படை அந்த வேலையில் முனைப்புக் காட்டவில்லை. அமைதிப்படைக்கு ஆள் அனுப்பும் நாடுகள், வேறு நாட்டுக் காட்டில் ஒருவரைத் துரத்திப் பிடிப்பதற்காகத் தங்கள் சிப்பாய்களைச் சாகக் கொடுக்க முன்வருவதில்லை. எல்லா அமைதிப்படைகளிலும் இருக்கும் ஓட்டை இது.

அதே 2006இல் தெற்கு சூடானின் ஜூபாவில், அங்கே அன்று துணை அதிபராக இருந்த ரீக் மச்சாரின் சமரசத்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆகஸ்டில் போர்நிறுத்தம் வந்தது. இங்கேதான் இரண்டு கருவிகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. பிடியாணையை ரத்துசெய்தால்தான் காட்டை விட்டு வெளியே வருவேன் என்றார் கோனி. உகாண்டா நினைத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. ஒப்படைத்த பிறகு வழக்கு நீதிமன்றத்தின் கையில். ரோம் சாசனத்தின் 16ஆவது பிரிவின்படி பாதுகாப்பு கவுன்சில் 12 மாதங்களுக்கு ஒத்திவைக்கலாம், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய வாக்குறுதியை நம்பி எந்தத் தளபதி துப்பாக்கியைக் கீழே வைப்பான்? மாற்று வழியாக, உள்நாட்டிலேயே ஒரு தனி நீதிமன்றப் பிரிவில் விசாரிக்கலாம் என்று ஒப்பந்தம் தயாரானது. உள்நாட்டில் நேர்மையாக விசாரித்தால் ஹேக் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது சாசனத்தின் அடிப்படை விதி. ஆனால் 2007இல் பேச்சுவார்த்தையை விரும்பிய ஓட்டியைக் கோனியே கொல்லச் செய்தார். 2008இல் கையெழுத்திட வேண்டிய நாட்களில் அவர் வரவே இல்லை.

பிடியாணை சமாதானத்தைக் கெடுத்தது என்று ஒரு கட்சி, பிடியாணைப் பயம்தான் அவர்களை மேசைக்குக் கொண்டுவந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. அதைவிட முக்கியமாக நாங்கள் நினைப்பது, 2005 ஜனவரியில் சூடான் உள்நாட்டுப் போர் ஒப்பந்தத்தோடு முடிந்ததை. கோனிக்கு அடைக்கலம் கொடுத்துவந்த இடம் அதோடு போயிற்று. ஆயுதம் தரும் அரசு கைவிடும்போதுதான் ஒரு கிளர்ச்சிக் குழு உண்மையில் பலவீனமாகிறது. ஜூபா பேச்சு முறிந்தாலும் வட உகாண்டாவுக்குள் எல்.ஆர்.ஏ. தாக்குதல் 2006க்குப் பிறகு நின்றுபோனது. மக்கள் முகாமை விட்டு ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

ராணுவத் தாக்குதலில் தப்பு நடந்த இடம்

2008 டிசம்பர் 14. உகாண்டா, காங்கோ, தெற்கு சூடான் படைகள் சேர்ந்து, அமெரிக்க உதவியோடு கரம்பாவில் உள்ள கோனியின் முகாமை வானிலிருந்து தாக்கின. முகாம் அழிந்தது, கோனி தப்பிவிட்டார். அந்தக் குழு தாக்குதலுக்குப் பதிலாகக் கிராமங்களை வெட்டும் என்பது 20 ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். இருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களைக் காக்க முன்கூட்டியே யாரும் நிறுத்தப்படவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாட மக்கள் கூடியிருந்த இடங்களாகப் பார்த்து எல்.ஆர்.ஏ. புகுந்தது. சில வாரங்களுக்குள் வடகிழக்கு காங்கோவில் 600க்கும் மேற்பட்டவர்கள் கோடாரியாலும் தடியாலும் கொல்லப்பட்டார்கள். தலைவரைக் குறிவைக்கும் எந்த நடவடிக்கையிலும், முதல் நாளே பொதுமக்களைக் காக்கத் தனிப்படை நிறுத்தாவிட்டால் விலையை அடுத்த ஊர்க்காரர்கள்தான் கொடுப்பார்கள்.

2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்.ஆர்.ஏ.வுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2011 அக்டோபரில் சுமார் 100 ராணுவ ஆலோசகர்களை அனுப்பினார்கள், ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு கூட்டுப்படை அமைத்தது, 2013இல் கோனியின் தலைக்கு 50 லட்சம் டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. 2017இல் அமெரிக்காவும் உகாண்டாவும் தேடுதலை முடித்துக்கொண்டபோது, அமெரிக்கா மட்டும் செலவழித்தது சுமார் 78 கோடி டாலர். எல்.ஆர்.ஏ.வில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 100 பேர். கோனி பிடிபடவில்லை.

தடைப் பட்டியல் பற்றி ஒரு வரி போதும் என்று தோன்றினாலும், செய்திகளில் அடிக்கடி வருவதால் சொல்லிவிடுவோம். பாதுகாப்பு கவுன்சில் 2016 மார்ச்சில் கோனியையும் எல்.ஆர்.ஏ.வையும் பட்டியலில் சேர்த்தது: சொத்து முடக்கம், பயணத் தடை. வங்கிக் கணக்கும் பாஸ்போர்ட்டும் இல்லாத மனிதருக்கு இவை என்ன செய்யும்? கரம்பாவில் யானையைக் கொன்று தந்தம் விற்பது, தங்கமும் வைரமும் கொள்ளையடிப்பதுதான் அந்தக் குழுவின் வருமானம். தடை கடிக்க வேண்டுமென்றால் விற்பவனைவிட வாங்குபவனையும் கடத்துபவனையும் பட்டியலில் ஏற்ற வேண்டும். சியரா லியோனின் ஆர்.யூ.எஃப். கிளர்ச்சியாளர்களின் வைர வணிகத்தில் அப்படி வாங்கும் பக்கத்தில் கை வைத்தபோது ஓரளவு பலன் இருந்தது.

காட்டைக் காலி செய்த எஃப்.எம்.

78 கோடி டாலர் செலவில் எல்.ஆர்.ஏ. கரைந்ததில், துப்பாக்கியைவிட அதிகம் சாதித்தது வேறொன்று என்று நாங்கள் கருதுகிறோம். 2000இல் உகாண்டா நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அச்சோலி மதத் தலைவர்களும் பாரம்பரியத் தலைவர்களும் கேட்டு வாங்கிய சட்டம் அது. காரணம் எளிது: காட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடத்தப்பட்டவர்கள். ஆயுதத்தை ஒப்படைத்து, கிளர்ச்சியைக் கைவிடுவதாகச் சொன்னால் சான்றிதழ், ஒரு சிறு தொகை, வீட்டுச் சாமான் மூட்டை கிடைத்தது. எல்லாக் குழுக்களிலும் சேர்த்து 26,000க்கும் மேற்பட்டோர் இதைப் பெற்றார்கள்.

ஆனால் காட்டில் இருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? திரும்பினால் ராணுவம் விஷம் வைத்துக் கொன்றுவிடும் என்று தளபதிகள் மிரட்டி வைத்திருந்தார்கள். குலுவின் மெகா எஃப்.எம். வானொலி 'வீட்டுக்குத் திரும்பி வா' என்று பொருள்படும் 'ட்வொக் சென் பாச்சோ' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. ஏற்கனவே தப்பி வந்தவர்கள் தங்கள் பெயரையும் எந்தப் பிரிவில் இருந்தோம் என்பதையும் சொல்லி, உயிரோடு இருக்கிறோம், யாரும் கொல்லவில்லை என்று நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தாய் மகனிடம் பேசுவாள். கோனி தன் ஆட்களை ரேடியோ கேட்காமல் தடுக்க முயன்றதே அது வேலை செய்தது என்பதற்கு அத்தாட்சி. பிறகு காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் இதே முறையை விரித்தார்கள்: எஃப்.எம். நிலையங்கள், ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி, காட்டில் தூவும் துண்டுப் பிரசுரம். பிரசுரத்தில் எந்த ஊரில், எந்த இடத்தில் வந்து சரணடையலாம் என்று படத்தோடு இருக்கும். தப்பி வருபவனைக் கிராமத்தவர்கள் அடித்தே கொன்றுவிடும் ஆபத்து இருந்ததால், அந்த இடங்களில் உள்ள மக்களோடு முதலில் பேசி ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு வெறுமனே காகிதம் தூவினால் பயனில்லை.

மன்னிப்புக்கும் எல்லை உண்டு. 1999இல் சியரா லியோன் கிளர்ச்சியாளர்களுக்கு லோமே ஒப்பந்தம் முழு மன்னிப்பு கொடுத்தபோது, ஐ.நா. பிரதிநிதி கையெழுத்தின் பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: இனப்படுகொலைக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் போர்க்குற்றங்களுக்கும் இந்த மன்னிப்பு பொருந்தாது என்பதே ஐ.நா.வின் நிலை என்று. பின்னால் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் ஆர்.யூ.எஃப். தளபதி இசா செசேவுக்கு 52 ஆண்டு கிடைத்தது. உகாண்டாவிலும் இதே கேள்வி எல்.ஆர்.ஏ. தளபதி தாமஸ் க்வொயேலோ வழக்கில் வந்தது. 2009இல் கரம்பாவில் பிடிபட்ட இவர் மன்னிப்பு கேட்டார். அவரைவிடப் பெரிய பதவியில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க, இவருக்கு மறுக்கப்பட்டது. 2011இல் அரசமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பொதுமக்கள் மேல் நடத்திய இத்தகைய குற்றங்களுக்கு மன்னிப்புச் சட்டம் செல்லாது என்றது. ஜூபா பேச்சில் பிறந்த அந்தத் தனி நீதிமன்றப் பிரிவு 2024 ஆகஸ்டில் அவரை 44 குற்றங்களில் குற்றவாளி என்றது. அக்டோபரில் 40 ஆண்டு சிறை. பிடிபட்டதிலிருந்து தீர்ப்பு வர 15 ஆண்டு ஆயிற்று.

கடத்தப்பட்ட பிள்ளையே குற்றவாளி ஆனால்?

ஹேக்குக்குப் போய்ச் சேர்ந்த ஒரே எல்.ஆர்.ஏ. தளபதி டொமினிக் ஓங்வென். 2015 ஜனவரியில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் சரணடைந்தார். சுமார் ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கடத்தப்பட்டவர். அதே இயக்கத்தில் வளர்ந்து படைப்பிரிவுத் தலைவரானவர். பஜூலே, ஓடெக், லுகோடி, அபோக் என்ற நான்கு அகதி மக்கள் முகாம்கள் மேல் நடந்த தாக்குதல்கள் அவர் மேல் வந்த முக்கிய வழக்கு. அதில் ஓடெக், கோனி பிறந்த ஊர். 2004 ஏப்ரலில் அங்கே 50க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

மனநோய், மிரட்டலுக்குப் பயந்து செய்தது என்ற இரண்டு வாதங்களையும் நீதிபதிகள் தள்ளினார்கள். அவர் தப்பிக்க வாய்ப்பு இருந்தும் தப்பவில்லை, பதவி உயர்வை ஏற்றார் என்பது அவர்கள் கண்டது. 2021 பிப்ரவரியில் 70 குற்றச்சாட்டுகளில் 61இல் குற்றவாளி என்று தீர்ப்பு. கட்டாயக் கர்ப்பத்துக்காக அந்த நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல்முறை. கட்டாயத் திருமணம் என்பது 7ஆவது பிரிவின் பட்டியலில் பெயரோடு இல்லை. பட்டியலின் கடைசியில் உள்ள 'இதுபோன்ற பிற மனிதத்தன்மையற்ற செயல்கள்' என்பதற்குள் அதைக் கொண்டுவந்தார்கள். கடத்தப்பட்ட சிறுவயது குற்றத்தை அழிக்காது, தண்டனையைக் குறைக்கும் என்பது அவர்கள் எடுத்த நிலை. ஆயுள் தண்டனை கொடுத்திருக்கலாம், 25 ஆண்டு கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இப்போது நார்வேயில் சிறையில் இருக்கிறார்.

மற்றவர்கள்? லுக்வியா, ஓட்டி, ஓடியம்போ மூவரும் செத்துப்போனார்கள். கோனி விஷயத்தில் நீதிமன்றம் புதிதாக ஒன்றைச் செய்தது. குற்றவாளி இல்லாமல் முழு விசாரணை நடத்த ரோம் சாசனம் இடம் தராது. ஆனால் வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் கட்டத்தை, ஆள் தலைமறைவாக இருந்தாலும் நடத்தலாம். 2025 செப்டம்பரில் அப்படி நடத்தி, நவம்பரில் 39 குற்றச்சாட்டுகளையும் உறுதிசெய்தார்கள் (2005இல் 33 ஆக இருந்தவை பின்னர் 39 ஆகியிருந்தன). இதன் நடைமுறைப் பயன்: சாட்சிகள் சாவதற்குள் ஆதாரங்கள் நீதிபதி முன் பதிவாகின்றன, அவர் பிடிபட்டால் வழக்கு நேரே விசாரணைக்குப் போகும்.

கடைசியாகப் பணம். 2024 பிப்ரவரியில் ஓங்வென் வழக்கில் இழப்பீட்டு உத்தரவு வந்தது. 49,772 பேர் என்று மதிப்பிடப்பட்ட பாதிக்கப்பட்டோருக்கு ஆளுக்கு 750 யூரோ, அதோடு மருத்துவம், மறுவாழ்வு போன்ற பொதுத் திட்டங்களுக்கு 1.5 கோடி யூரோ, நினைவுச் சின்னம் முதலியவற்றுக்கு 1 லட்சம்; ஆக மொத்தம் 5.2 கோடி யூரோவுக்கும் மேல். ஓங்வெனிடம் சல்லிக்காசு கிடையாது. பாதிக்கப்பட்டோருக்கான நிதியம்தான் கொடுக்க வேண்டும், அது நாடுகள் விரும்பித் தரும் நன்கொடையில் ஓடுகிறது. எனவே உத்தரவு வந்த நாளுக்கும் கையில் காசு வரும் நாளுக்கும் இடையில் ஆண்டுகள் போகும். முதியவர்களும் நோயாளிகளும் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தாலும் அதுதான் நிலைமை. க்வொயேலோ வழக்கில் உகாண்டா நீதிமன்றம் 2024 டிசம்பரில் வேறு பாதையில் போனது. குற்றவாளியிடம் பணம் இல்லை, மக்களைக் காக்கத் தவறியது அரசு, ஆகவே ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் 1 கோடி ஷில்லிங் வரை அரசே கொடுக்கட்டும் என்றது.